தாலிக்கு முன், பதிவுக்கு முன்: கோலாலம்பூரிலும் பினாங்கிலும் துணை தேடும் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ வாழ்ந்துகொண்டு, செயலியிலோ அலுவலகத்திலோ தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலிலோ ஒருவரைச் சந்தித்து, இவரோடு வாழ்க்கை அமையுமா என்று யோசிக்கத் தொடங்கியிருக்கும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். என்ன உடுத்துவது, எங்கே சாப்பிடப் போவது என்பவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. பழகத் தொடங்கிய சில மாதங்களில் பெரும்பாலான இணைகள் எதிர்கொள்ளும் சிக்கல்கள் சில உண்டு: "அம்மாவுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான்" என்ற பயம், "கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிடு" என்ற எதிர்பார்ப்பு, "அவர்கள் என்ன ஆளுங்க?" என்ற விசாரிப்பு, மதம், பதிவு. திருமணத்துக்கு முன் ஆலோசனை கேட்டு வரும் இணைகளுடன் உட்கார்ந்து பேசும்போது நான் திரும்பத் திரும்பக் காண்பது, இவை எல்லாவற்றையும் "நம் கலாச்சாரம்" என்ற ஒரே பெயரில் அடைத்துவிடுவதுதான். இவற்றுள் எது நாட்டின் சட்டம், எது பாட்டி காலத்துக் காயம், எது ஒருவர் மற்றவர்மீது செலுத்தும் வெறும் அதிகாரம் என்று பிரித்துப் பார்க்கப் பழகுவதே முதல் வேலை.

முதலில் தோட்டத்தைப் பற்றிக் கேளுங்கள்

நீங்கள் பழகுபவரின் குடும்பம் எந்த வழியாக இந்த நாட்டுக்கு வந்தது என்பதை முதல் சில சந்திப்புகளிலேயே கேட்டறியுங்கள். குலம் கோத்திரம் விசாரிப்பது போலக் கேட்க வேண்டாம், "உங்கள் தாத்தா பாட்டி எந்தத் தோட்டம்?" என்று கேட்டாலே பலர் ஆர்வத்தோடு பேசத் தொடங்கிவிடுவார்கள். 1786இல் பிரிட்டிஷார் பினாங்கில் குடியேறிய பின் வணிகத்துக்காக வந்தவர்களின் வழிவந்த குடும்பமும், ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தர் வேலைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பமும், ரப்பர் தோட்டத்துக்குக் கங்காணி அழைத்து வந்த குடும்பமும் பேசுவது ஒரே மொழிதான் என்றாலும், ஆண் பெண் உறவைப் பற்றி அவை வைத்திருக்கும் நினைவுகள் வெவ்வேறு.

இங்குள்ள தமிழர்களில் பெரும்பாலோர் தோட்டத்து வழி வந்தவர்கள் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது. கங்காணி மூலம் ஆள் சேர்ப்பது 1938இல் இந்திய அரசின் தடையால் நின்றது. தொடக்ககாலத்தில் கப்பலேறி வந்தவர்களில் ஆண்களே மிகுதி. பெண்கள் குறைவாக இருந்த அந்தக் குடியிருப்புகளில், பெண்ணைக் காவல் காப்பது ஆணின் மானத்தோடு சேர்த்துப் பார்க்கப்பட்டது. அந்தக் காவலுக்கு உண்மையான காரணமும் இருந்தது. 1941இல் ஆர்.எச். நாதன் முதலியோர் முன்னின்று நடத்திய கிள்ளான் தோட்ட வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் படித்தால் அது விளங்கும்: கூலி உயர்வு, கள்ளுக்கடைகளை மூடுதல், துரைமாருக்கும் தோட்ட அலுவலர்களுக்கும் எதிரே சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற விதியை நீக்குதல் ஆகியவற்றோடு, தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் மேலதிகாரிகள் அத்துமீறுவதை நிறுத்த வேண்டும் என்பதும் அதில் இருந்தது. உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக அனுமதி வேண்டும் என்பதும் இன்னொரு கோரிக்கை. விரும்பிய பெண்ணின் வீட்டுக்கு ஒருவன் முறையாக வந்து பேசுவதற்கே நிர்வாகத்தின் தயவு வேண்டியிருந்தது என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

லயத்து வீட்டையும் மனக்கண்ணில் பாருங்கள். வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகள்; இடையே பலகைத் தடுப்பு; அந்தத் தடுப்பும் பல இடங்களில் கூரை வரை எட்டாது. ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். குழாயடியில் ஒரு பெண் ஓர் இளைஞனோடு இரண்டு நிமிடம் பேசினால், மறுநாள் விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும் நேரத்துக்குள் அது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். வேலை, வீடு, கோயில், பள்ளிக்கூடம் நான்கும் ஒரே வேலிக்குள் இருந்ததால், கெட்ட பெயரை உதறிவிட்டுப் போவதற்கு வேறு இடமும் இல்லை. அந்த லயத்தில் வளர்ந்த அம்மாதான் இன்று செந்தூலில் பதினேழாவது மாடி ஃபிளாட்டில் உட்கார்ந்துகொண்டு, மகள் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பையனோடு தேநீர் குடித்ததை உறவினர் யாராவது பார்த்திருப்பார்களோ என்று பதறுகிறார்.

எனவே அந்தப் பதற்றத்தைக் கேலி செய்யாதீர்கள். அதே வேளையில் அதற்கு முழுவதுமாக அடங்கியும் விடாதீர்கள். பழக்கம் உறுதிப்படுகிறது என்று தோன்றியவுடன், வீட்டில் நீங்கள் நம்பும் ஒருவரிடம், அத்தையோ அக்காவோ சின்னம்மாவோ, நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். செய்தி வெளியிலிருந்து போய்ச் சேரும்போதுதான் பெற்றோருக்கு அது அவமானமாகிறது. பிள்ளையின் வாயிலிருந்து வரும்போது அது பெரும்பாலும் கவலையாக மட்டுமே இருக்கிறது, கவலையோடு பேச முடியும். பத்துமலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மிட்வேலி பேரங்காடிக்குப் போவது போன்ற சிறு பொய்களைத் தவிருங்கள். ஆனால் அம்மாவின் அச்சத்தைப் புரிந்துகொள்வது வேறு, நீங்கள் பழகும் ஆள் அந்த அச்சத்தைக் கையில் எடுத்துக்கொள்வதை ஏற்பது வேறு. உங்கள் கைத்தொலைபேசியைத் திறந்து காட்டச் சொல்பவரும், தோழிகளோடு வெளியே போவதற்கு அனுமதி கேட்கச் சொல்பவரும், "நம் பெண்களை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று பேசினால், அதை வரலாற்றின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். அது அவருடைய விருப்பம். அதற்கு அவரே பொறுப்பு.

"நம் பண்பாட்டில் பெண் வேலைக்குப் போவதில்லை" என்று சொல்பவரிடம்

இதை ஆண்களும் சொல்கிறார்கள், மாமியாராகப் போகிறவர்களும் சொல்கிறார்கள். மலேசியத் தமிழரைப் பொறுத்தவரை இது உண்மையே அல்ல என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் பாட்டிமார் விடியுமுன் எழுந்து சமைத்து, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு, பெரட்டுக்கு நின்று, நெற்றி விளக்கோடு மரம் வெட்டி, பால் எடுத்து, நண்பகலுக்குப் பின் திரும்பி மறுபடியும் அடுப்பருகே நின்றவர்கள். அவர்கள் கூலி வாங்கினார்கள்; ஆனால் ஆணைவிடக் குறைவாக வாங்கினார்கள். ஜப்பானியர் காலத்தில், 1942க்கும் 1945க்கும் இடையே, சயாம் மரண ரயில்பாதைக்கு ஆண்கள் கொண்டுபோகப்பட்டபோது குடும்பத்தைக் காப்பாற்றியவர்கள் பெண்கள். 1943இல் இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படை தொடங்கப்பட்டபோது தோட்டத்துப் பெண்களும் பட்டணத்துப் பெண்களும் அதில் சேர்ந்து சீருடை அணிந்தார்கள். கோலாலம்பூரின் ஜானகி ஆதி நாகப்பன் அதில் இருந்தவர். அதே படையில் இருந்த ராசம்மா பூபாலன் பிற்காலத்தில் பெண் ஆசிரியர்களுக்கு ஆண்களுக்கு நிகரான ஊதியம் கேட்டுப் போராடிய சங்கத்தை வழிநடத்தினார். பினாங்கில் 1972இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்த பின், தீவிலிருந்தும் பிறை, பட்டர்வொர்த் பக்கமிருந்தும் இளம்பெண்கள் தொழிற்சாலை பஸ்களில் ஏறி மின்னணுத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். தகப்பனார் கையிலிருந்த கூலிப்பணம் முதன்முறையாக மகளின் சொந்தச் சம்பளமாக மாறிய காலம் அது. மாப்பிள்ளை பார்ப்பதில் அவள் சொல்லுக்கும் அப்போதுதான் எடை வந்தது.

ஆகவே, வேலைக்குப் போகலாமா என்று அனுமதி கேட்கும் தொனியில் அந்தப் பேச்சைத் தொடங்கவே வேண்டாம். இரவு எட்டு மணிக்கு இருவரும் ஜாலான் துன் ரசாக்கின் நெரிசலிலிருந்து வீடு திரும்பும்போது யார் சோறு வடிப்பது என்று கேளுங்கள். தோட்டத்தில் தீராமல் விட்டுப்போன கேள்வி அதுதான்: பெண் சம்பாதிக்கத் தொடங்கி நூறாண்டுக்கும் மேலாகியும், வீட்டு வேலை இன்னும் அவள் தலையில்தான் இருக்கிறது. ஒருவரின் பேச்சைவிட அவர் வீட்டில் நடப்பதைக் கவனியுங்கள். அவர் வீட்டில் விருந்துண்ணப் போனால், சாப்பிட்டு முடித்த தட்டை யார் எடுத்துக் கழுவுகிறார் என்று பாருங்கள். அவர் தங்கை எழுந்து அண்ணனின் தட்டையும் சேர்த்து எடுத்துப் போகிறாள் என்றால், அதைப் பற்றி அன்று மாலையே நேராகப் பேசிவிடுவது நல்லது.

பணத்தையும் இப்போதே பேசுங்கள்: பி.டி.பி.டி.என். கல்விக் கடன் எவ்வளவு பாக்கி, பெற்றோருக்கு மாதம் எவ்வளவு தர வேண்டும், திருமணத்துக்குப் பிறகு அது தொடருமா. பொதுப் பல்கலைக்கழகங்களில் இன்று பெண்களே பெரும்பான்மை. இந்நிலையில், மாப்பிள்ளை பெண்ணைவிடக் கூடப் படித்திருக்க வேண்டும், கூடச் சம்பாதிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் குடும்பங்கள் நல்ல வரன்களைத் தாங்களாகவே தள்ளிவிடுகின்றன. ஆண்களில் சிலருக்கும், தன்னைவிட அதிகம் சம்பாதிக்கும் பெண்ணிடம் பழகுவது உறுத்தலாக இருக்கிறது. அந்த உறுத்தல் உங்களுக்கு இருந்தால் அதை அடக்கிவைக்காமல் சொல்லிவிடுங்கள்; சொல்லாமல் விட்டால், பிறகு அது அவளுடைய ஒவ்வொரு பதவி உயர்வின்போதும் வேறு ஏதோ ஒரு சண்டையாக வெளிப்படும்.

சாதிக் கேள்வியைத் தள்ளிப்போடாதீர்கள்

கங்காணிகள் பெரும்பாலும் தங்கள் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் ஆள் சேர்த்தார்கள். சாதியும் அதோடு கப்பலேறியது. 1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்திறங்கி மலாயா முழுவதும் பேசிய பிறகு, சடங்கும் சாதியும் பாராத சுயமரியாதைத் திருமணங்கள் இங்கும் நடந்தன. இருந்தும், நட்பிலும் வேலையிலும் சாதி பார்க்காத பல வீடுகள் கல்யாணப் பேச்சு வந்தவுடன் "என்ன ஆளுங்க?" என்று மெல்லக் கேட்கின்றன. உங்கள் துணையின் வீட்டில் இது எழுமா என்று மூன்று ஆண்டுகள் பழகிய பின் கண்டுபிடிக்காதீர்கள். எழும் என்று தெரிந்தால், "உன் அப்பா மறுத்தால் நீ என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். "பார்த்துக்கொள்ளலாம்" என்பதைப் பதிலாக ஏற்காதீர்கள்.

இனக் கலப்பைப் பற்றிய அச்சத்துக்கும் இதையே சொல்வேன். அந்தக்காலத்தில் சீனக் குடும்பங்கள் வளர்க்க இயலாமல் கொடுத்த பெண் குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்கள் எடுத்து வளர்த்தன. புடவை உடுத்தி, நெற்றியில் பொட்டிட்டு, தீமிதிக்கும் காவடிக்கும் முன்னின்ற சீன முகத்து அத்தைமார் நம்மில் பல குடும்பங்களில் உண்டு. வீட்டில் சீனப் பெண்ணையோ பையனையோ பற்றிப் பேச வேண்டியிருந்தால், உங்கள் சொந்தக் குடும்பக் கதையில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று முதலில் விசாரித்துப் பாருங்கள்.

மதம் மாறும் இடத்தில் சட்டமும் மாறும்

இங்கே மனத்துணிவைவிடத் தெளிவு முக்கியம். மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் சிவில் சட்டத்தின் கீழும், முஸ்லிம்களின் திருமணம் அந்தந்த மாநில இஸ்லாமியக் குடும்பச் சட்டத்தின் கீழும் வருகிறது. முஸ்லிம் ஒருவரை மணக்க விரும்பும் இந்துவோ கிறிஸ்தவரோ இஸ்லாத்தைத் தழுவியாக வேண்டும். இரு மதங்களையும் வைத்துக்கொண்டு இந்நாட்டில் திருமணத்தைப் பதிய வழி இல்லை. பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் நெடுங்காலமாக வாழ்கிறார்கள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் மகா மாரியம்மன் கோயிலும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. இருவரும் தமிழர், இருவர் வீட்டுச் சாப்பாடும் பேச்சும் ஒன்று என்பதால், சட்டமும் ஒன்றாக இருக்கும் என்று இளையோர் நினைத்துவிடுகிறார்கள்.

பழகும் காலத்திலேயே வேறுபாடு தொடங்கிவிடுகிறது. திருமணமாகாத இருவர் தனியிடத்தில் இருப்பதைக் குற்றமாக்கும் கல்வத் சட்டம் முஸ்லிம்களுக்கே பொருந்தும்; ஷரியா நீதிமன்றத்துக்கு முஸ்லிம் அல்லாதவர்மீது அதிகாரம் இல்லை. அதாவது சட்டத்தின் சுமை முழுவதும் உங்கள் முஸ்லிம் துணையின்மீதே விழுகிறது. அவர் தனிமையான இடத்தைத் தவிர்த்தால் அன்பில்லை என்று எண்ணாமல், கலகலப்பான உணவகத்தையோ கடற்கரையோரத்தையோ நீங்களே முன்மொழியுங்கள். மதம் மாறுவதாக முடிவெடுத்தால், அதை முழு மனத்தோடு, வாழ்நாள் முடிவாகக் கருதி எடுங்கள். உறவு முறிந்தாலும் பழைய மதத்துக்குத் தானாகத் திரும்ப முடியாது. அதற்கு ஷரியா நீதிமன்றத்தை நாட வேண்டும், அது எளிதன்று. முஸ்லிம் அல்லாத பெற்றோர் இஸ்லாமிய வாரிசுரிமைப்படி உங்கள் சொத்துக்கு வாரிசாக முடியாது என்பதையும் அவர்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு உண்டு. திருமணமான இந்து இணையில் ஒருவர் பின்னர் மதம் மாறினால் குழந்தைகளின் நிலை என்ன என்ற கேள்வியில், இந்திரா காந்தி என்ற ஈப்போ ஆசிரியை தொடுத்த வழக்கில் 2018 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றம், குழந்தையை மதம் மாற்றப் பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நம் சமூகத்தில் பெற்றோரின் அச்சம் இவ்வளவு ஆழமாக இருப்பதற்கு அந்த வழக்கு நீண்ட ஆண்டுகளும் ஒரு காரணம்.

பதிவுக்கும் தாலிக்கும் நடுவே உள்ள மாதங்கள்

அதிகமான இணைகள் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் இந்து ஆண் ஒருவர் வழக்கப்படி இரண்டாவது மனைவியையும் கொள்ள முடிந்தது; இச்சட்டம் அதை முடிவுக்குக் கொண்டுவந்து, பதிவையும் கட்டாயமாக்கியது. பெண்களுக்கு இது பெரும் பாதுகாப்பு. ஆனால் நம் வழக்கம் இன்னும் இச்சட்டத்தோடு முழுதும் பொருந்தவில்லை. தேசியப் பதிவுத் துறையில் மனு கொடுத்து, 21 நாள் அறிவிப்பு முடிந்து, பதிவாளர் முன் கையெழுத்திட்டவுடன் சட்டப்படி நீங்கள் கணவன் மனைவி. வீட்டிலோ, "அது சும்மா ரெஜிஸ்டர்தான், தாலி கட்டினால்தான் கல்யாணம்" என்பார்கள். வீட்டுக் கடனுக்காகவோ வேலை மாற்றத்துக்காகவோ முன்கூட்டியே பதிந்துவிட்டு, ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து மண்டபம் கிடைக்கும் நாளில் தாலி கட்டுவது இங்கே சர்வசாதாரணம்.

அந்த இடைவெளியில் உறவு கசந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் சொல்வதில்லை. பரிசத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகுவது போல விலக முடியாது. நீதிமன்றம் போக வேண்டும். திருமண நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் முடியுமுன் மணவிலக்கு மனு செய்ய இச்சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை, அசாதாரணமான துன்பம் என்று நீதிபதியை நம்பவைத்தால்தான் விதிவிலக்கு. சில சூழல்களில் திருமணமே செல்லாது என்று அறிவிக்கக் கோரலாம், அதற்கும் வழக்கறிஞர் வேண்டும். இதற்கிடையே வேறு யாரையும் எந்த முறைப்படியும் மணக்க முடியாது.

ஆகையால் பதிவை நிச்சயதார்த்தமாக நினைக்காதீர்கள். இயன்றவரை பதிவும் தாலியும் ஒரே வாரத்தில் அமையுமாறு பாருங்கள். உதவிப் பதிவாளராக நியமிக்கப்பட்டவர்கள் உள்ள கோயில்களில் இரண்டையும் ஒரே நாளில் முடித்துக்கொள்ளவும் வழி உண்டு. அந்தக் கோயிலில் அத்தகையவர் இருக்கிறாரா என்று மண்டபத்துக்கு முன்பணம் கட்டுமுன் கேளுங்கள். வீட்டுக் கடனுக்காக மட்டும் அவசரப்பட்டுப் பதியச் சொன்னால், மறுக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. 21 வயது நிறையாதவர்களுக்கு எழுத்துமூலச் சம்மதம் தேவை. அதைத் தர வேண்டியவராகச் சட்டம் முதலில் தகப்பனாரையே குறிப்பிடுகிறது.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவரோடு பழகுபவர்களுக்கு ஒரு சொல். அரசியலமைப்பின் 8ஆவது பிரிவில் பால் வேறுபாடு காட்டலாகாது என்பது 2001இல் சேர்க்கப்பட்டது. ஆனாலும் 15ஆவது பிரிவின்படி குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் வழி மலேசியரின் வெளிநாட்டு மனைவிக்கு உண்டு, வெளிநாட்டுக் கணவனுக்கு இல்லை. மலேசியப் பெண் ஒருத்தி சென்னைப் பொறியாளரை மணந்தால், அவர் நீண்டகால விசாவையும் அதன் நிபந்தனைகளையும் நம்பி வாழ வேண்டியிருக்கும். எந்த ஊரில் குடியிருப்பது என்ற பேச்சு இதைத் தெரிந்துகொண்ட பிறகு நடக்க வேண்டும்.

மறுப்பை மறுப்பாக ஏற்றுக்கொள்ள

தமிழ்த் திரையில் பல ஆண்டுகளாக நாயகன் ஒரு பெண்ணின் பின்னாலேயே அலைவான். அவள் பத்து முறை மறுத்த பின் பாட்டுப் பாடுவாள். தோட்டத்திலும் பட்டணத்திலும் நம் ஆண்பிள்ளைகள் காதலைக் கற்றுக்கொள்ள வேறு பள்ளிக்கூடம் இல்லாமல் போனது. அவள் வேலை முடித்து வரும் எல்.ஆர்.டி. நிலையத்தில் காத்து நிற்பதும், தோழியிடம் எண் வாங்கிச் செய்தி அனுப்புவதும், தடுத்தபின் வேறு கணக்கிலிருந்து வருவதும் அன்பின் அடையாளம் அல்ல. 2023 மே 31 முதல் தண்டனைச் சட்டத்தின் 507ஏ பிரிவு இதைக் குற்றமாக்கியிருக்கிறது. மூன்றாண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். ஆண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதை மகனிடம் நேராகச் சொல்ல வேண்டும். மறுக்கும் பெண்களும், மனம் நோகக்கூடாதே என்று "இப்போது வேண்டாம்", "வீட்டில் பார்க்கிறார்கள்" என்று சுற்றி வளைக்காமல், "எனக்கு விருப்பமில்லை" என்று ஒருமுறை தெளிவாக எழுதி அனுப்பிவிடுங்கள். அப்படி எழுதாவிட்டாலும் தொல்லை தருவது அவர் குற்றமே, எழுதியிருந்தால் நிரூபிப்பது எளிது. அதன் பிறகும் தொடர்ந்தால் பதிலளிக்காதீர்கள், செய்திகளை அழிக்காதீர்கள். ஒவ்வொன்றையும் தேதியோடு படமெடுத்து வைத்து, நம்பகமான ஒருவரிடம் பிரதி கொடுத்து, காவல் நிலையத்தில் புகார் எழுதும்போது அந்தப் பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். தாலியான் காசே உதவி எண் 15999 இரவு பகல் 24 மணி நேரமும் இயங்குகிறது. புகார் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்குமுன்பே அங்கே அழைத்துப் பேசலாம்.